எழுநூறு ரியால்

அம்மா என்னைச் சும்மா அனுப்பவில்லை. ஒரு வேலை தந்துதான் அனுப்பினா.

கொழும்புக்கு இரவு பஸ் எடுக்க வெளிக்கிடுகிற நேரம், சூட்கேஸுக்குள் கடைசிப் புழுக்கொடியல் பையைத் திணித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னா: "நேரா ஒண்டும் கேட்டுடாத. என்ன நடக்குதெண்டு பார். இவ்வளவு நாளும் ஒழுங்கா அனுப்பின பிள்ளை, இந்த வருசம் துவங்கினதில இருந்து குறைச்சுக்கொண்டு வாறாள். அவற்ர தாய்க்குக் கூட அனுப்பீனமோ தெரியாது."

அவர் என்றது அத்தானை. அவருடைய அம்மா நெல்லியடியில் இருக்கிறா. நாங்கள் சாவகச்சேரிப் பக்கம். கலியாணம் முடிந்து ஏழு வருசமாகியும், அங்கே எவ்வளவு போகிறது, இங்கே எவ்வளவு வருகிறது என்ற கணக்கு இரண்டு வீட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இது 2023 ஆகஸ்ட். வளாகத்தில் பி.கொம் முடித்துவிட்டு, அனுப்பின விண்ணப்பங்களுக்குப் பதில் வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். "சும்மா வீட்டில இருக்காம மூண்டு கிழமை இஞ்ச வந்து நிண்டுட்டுப் போ, சின்னவளுக்கும் லீவுதான்" என்று அக்கா சொன்னா. விசாவும் ரிக்கற்றும் அவவே போட்டா. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ரிக்கற் போடுவது எங்களுக்கு பஸ் ஏறுவது மாதிரி என்று நினைத்திருந்தோமோ என்னவோ.

டோஹாவில் இறங்கி விமான நிலையக் கதவு திறந்ததும் என் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துப்போனது. இரவு பதினொரு மணி. வெக்கை என்றால் எனக்குத் தெரியாததா, நானும் வன்னி வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவள்தான் என்று வாய்விட்டிருந்தேன். இது வேறு. வெயிலே இல்லாமல், இருட்டுக்குள், கடல் ஈரத்தோடு கொதிக்கிற காற்று. அத்தான் சிரித்தார். "பகல்ல இன்னும் இருக்கு பிள்ளை."

அக்கா வில்லாவில் இருக்கிறா. இதை எங்கள் ஒழுங்கையில் தெரியாத ஆள் இல்லை. "மூத்தவள் வில்லாவிலதான் இருக்கிறாள்" என்று அம்மா சொல்லும்போது அந்த 'வில்லா' கொஞ்சம் இழுபடும். எனக்கும் மனதில் ஒரு படம் இருந்தது. மாடி, புல்வெளி, ஒரு நீச்சல்தடாகம் இருந்தாலும் இருக்கும்.

பழைய விமான நிலையம் இருந்த பக்கத்தில்தான் அவர்களுடைய இடம். வெளியில் பார்த்தால் பெரிய மதில், பெரிய கேற், மணல் நிற மாடிவீடு. வில்லாதான், பொய்யில்லை. கேற்றைத் திறந்தால் சுவரோரமாக ஏழு காஸ் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த வீட்டை, பலகைச் சுவரும் புதுக் கதவுகளும் போட்டு ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். அக்காவின் பங்கு, முந்தி அந்த வீட்டின் விருந்தினர் அறையாக இருந்ததாம். அதில் ஒரு அறை, ஒரு குளியலறை, நடைபாதையில் அடுப்பு வைத்து ஒரு குசினி. கரண்ட், தண்ணி சேர்த்து மாதம் 2200 ரியால். அத்தானின் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி அதற்கே போய்விடுகிறது.

இப்படிப் பிரிப்பதற்கு அனுமதி இல்லை என்று அத்தான் சொன்னார். பிறகு, "ஆனா எங்கட சம்பளத்துக்கு வேற எங்க போறது" என்றார். பக்கத்துக் கதவில் கேரளத்துத் தாதி ஒருவரும் கணவரும். அங்கால பங்களாதேஷ் குடும்பம். மேலே பிலிப்பைன்ஸ்காரர். ஆறு வயதுப் பெறாமகள் தமிழ், ஆங்கிலம், மலையாளம் மூன்றையும் ஒரே வசனத்துக்குள் போட்டுக் கதைப்பாள். ஏழு வீட்டுச் சமையல் மணமும் எங்கள் அறைக்குத்தான் வரும். ஏசி இரவு பகலாக இரைந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு நாள் நித்திரை வரவில்லை, மூன்றாம் நாள் கரண்ட் நின்று ஏசி ஓய்ந்தபோது நித்திரை கலைந்தது.

ஒரு கட்டில், கீழே ஒரு மெத்தை. நானும் அக்காவும் சின்னவளும் கட்டிலில். அத்தான் நடைபாதையில் பாயைப் போட்டார். "எனக்கு அங்கதான் காத்து" என்று சொன்னார். அங்கே காற்று வரச் சந்தர்ப்பமே இல்லை. நான் வந்ததால் அந்த மனுசன் மூன்று கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்ததும் எல்லாம் மாறும். அங்கே வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஆனால் அத்தானுக்கு வெள்ளி மட்டும். பின்னேரம் வெயில் தணிந்ததும் எல்லாரும் குளித்து, வடிவாக உடுத்து, மெற்றோ ஏறுவோம். சாரதி இல்லாத ரயில். எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணத்துக்கு 2 ரியால், நாள் முழுக்க ஓடித் திரிந்தாலும் 6 ரியால். 'கோல்ட்' என்று ஒரு வகுப்பும் இருக்கிறது, அதற்கு 10 ரியால். முஷைரிப்பில் இறங்கி அடுத்த பாதைக்கு மாறினால் ஒரு தரிப்பில் சூக் வாகிஃப். மண்சுவரும் மரவளைகளுமாகப் பழைய சந்தை மாதிரி புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். வாசனைச் சாமான், பேரீச்சம்பழம், ஒரு பக்கம் பூனையும் கிளியும் விற்கிற கடைகள். மூன்று கரக் தேத்தண்ணி வாங்கி நாலு பேர் குடித்தோம். அங்கிருந்து கொர்னிஷ் கரைக்கு நடந்தால், தண்ணிக்கு அங்கால மேற்கு விரிகுடாக் கட்டடங்கள் நிறம் மாறி மாறி மின்னும். ஐ.எம். பெய் வடிவமைத்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகமும் அந்தக் கரையில்தான். உள்ளே போகவில்லை. வெளியில் இருக்கிற பூங்காவுக்குக் காசில்லை.

அக்கா அங்கேதான் வேலையைத் தொடங்கினா. படம் எடுக்கிற வேலை. கடலுக்கு முன்னால் சின்னவள். கட்டடங்களுக்கு முன்னால் அத்தானும் சின்னவளும். பிறகு கைப்பையில் இருந்து ஒரு சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் அதே இடம். நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதடி, ஒரு கிழமைக்குக் காணவேணும்" என்றா. எனக்கு அப்போதுதான் ஓடியது. திங்கள் வரும் படமும் வியாழன் வரும் படமும் ஒரே வெள்ளிக்கிழமையில் எடுத்தவை. எங்கள் வீட்டில் அவற்றைப் பார்த்து "இவையள் ஒவ்வொரு நாளும் ஊர் சுத்தினம்" என்று அம்மா சொல்லுவா. நானும்தான் சொன்னேன்.

வெக்கை தாங்காத நாட்களில் வில்லாஜியோ என்ற பெரிய மாலுக்குப் போனோம். கூரை முழுக்க நீல வானமும் முகிலும் கீறியிருக்கிறார்கள், நடுவில் வாய்க்கால் வெட்டி வள்ளம் விட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு அல்ல, நடப்பதற்கு. ஏசிக்குள் நடக்க வருகிற குடும்பங்கள் நிறைய. "சித்தி, இங்க இருட்டவே இருட்டாது" என்று சின்னவள் மேலே காட்டினாள். ஓகஸ்டில் அவள் அதிகம் பார்த்த வானம் அதுதான். மூன்று கிழமையில் நான் ஒரு கத்தார் நாட்டவரோடு கதைத்தது, பாஸ்போட்டில் முத்திரை குத்தினவரோடு மட்டும். அங்கிருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போல வெளியூர்க்காரர்கள் என்றால் வேறென்ன நடக்கும்.

இவ்வளவும் வெள்ளிக்கிழமைக் கதை. மற்ற ஆறு நாளும் வேறு.

வந்த இரண்டாம் இரவு, நித்திரையில்லாமல் புரண்டுகொண்டிருக்கையில் அக்கா எழும்பினா. போனைப் பார்த்தேன். இரண்டே முக்கால். ரொயிலற்றுக்காக்கும் என்று நினைத்தேன். பிறகு நடைபாதையில் வெளிச்சம் வந்தது, தாளிக்கிற மணம் வந்தது. எட்டிப் பார்த்தால் அத்தான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெரிய சட்டியில் சோறு. நிலத்தில் பதினாறு பெட்டி திறந்தபடி வரிசையாக.

"என்னக்கா இது?"

"சத்தம் போடாத, சின்னவள் எழும்பிடுவாள். வந்த நீ சும்மா நிக்காம பருப்பைப் போடு. ஒரு பெட்டிக்கு ஒண்டரைக் கரண்டி."

சோறு, பருப்பு, ஒரு மரக்கறி, மீனோ முட்டையோ. ஒரு பாசல் 9 ரியால். வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்துப் பெடியள். முல்லைத்தீவு, கிண்ணியா, வாழைச்சேனை, ஒருவர் பதுளை. எல்லாரும் 'சனையா' என்று சொல்லுகிற கைத்தொழில் பேட்டை முகாம்களில் இருக்கிறவர்கள். ஜூன் முதலாம் திகதியில் இருந்து செப்டெம்பர் 15 வரை, காலை பத்து மணியில் இருந்து பின்னேரம் மூன்றரை வரை வெளிவெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம். அதனால் அந்த மாதங்களில் பல இடங்களில் வேலை இருட்டோடு தொடங்கிவிடுகிறது. நாலு மணிக்கு முன்னம் பாசல் தயாராக வேண்டும். பிக்கப் ஓட்டுகிற முல்லைத்தீவுத் தம்பி கேற்றடியில் வந்து நின்று ஹோர்ன் அடிக்காமல் மிஸ்கோல் விடுவார்.

அவரோடு இரண்டு மூன்று நாள் கதைத்தேன். என்னைவிட இரண்டு வயது குறைவு. 2021 மார்ச்சில் இருந்து அங்கே ஆகக் குறைந்த சம்பளம் 1000 ரியால், கொம்பனி சாப்பாடு தராவிட்டால் அதற்கு மேல் 300 தர வேண்டும். அவருக்கும் அந்தக் கணக்குத்தான். மாதம் இருபத்தாறு பாசல் எடுத்தால் 234 ரியால். மிச்சம் 66இல் இரவுச் சாப்பாடு. ஆனால் அந்த மாதச் சம்பளமே வரவில்லை. "அக்கா, வந்தோடன தாறன்" என்பார். அக்கா கொப்பியில் எழுதுவா. பாசலை நிறுத்தவில்லை. "இண்டைக்கும் பருப்போ அக்கா" என்று முகத்தைச் சுளிக்கிற உரிமையையும் அவர் விடவில்லை.

பாசல் போனதும் அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, போனை எடுத்து அம்மாவுக்கு ஒரு பூப்படம் அனுப்பினா. 'காலை வணக்கம்.' நான் நேரம் பார்த்தேன். அங்கே நாலு மணி. எங்கள் ஊரில் ஆறரை. எத்தனை மாதமாக அந்தச் செய்தி வருகிறது. "வெளிநாட்டுக்குப் போயும் என்ர பிள்ளை வெள்ளன எழும்பிற பழக்கத்தை விடேல்லை" என்று அம்மா எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறா. இரண்டரை மணித்தியால வித்தியாசம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். கழித்துப் பார்த்த ஆள் வீட்டில் ஒருவரும் இல்லை.

அம்மா தந்த வேலையை நான் செய்யவில்லை. கேட்க வாய் வரவில்லை. ஆனால் இரண்டாம் கிழமை, உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்கு ஏறின இடத்தில் அக்காவே தொடங்கினா.

"அம்மா ஏதும் கேக்கச் சொல்லி விட்டவவே?"

நான் பேசாமல் நின்றேன்.

"மாமிக்குக் கூட அனுப்பிறமெண்டு நினைக்கிறா, என்ன?"

"அப்பிடியில்லை..."

"அப்பிடித்தான். எனக்குத் தெரியாதே அம்மாவை." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கீழே வந்து பாசல் கொப்பியையே எடுத்தா. பின்பக்கத்தில் இருந்து திருப்பினால் வேறு கணக்கு. ஒவ்வொரு மாதமும் திகதி போட்டு, 'அம்மா 700, மாமி 400'. 2021 முழுக்க 700. 2022 முழுக்க 700. 2023 ஜனவரி 700, ஜூன் 700, ஜூலை 700. ஒரு மாதம்கூடக் குறையவில்லை.

இந்த இடத்தில் நான் பி.கொம் படித்தவள் என்பதை மீண்டும் ஒருமுறை எழுத வேண்டும். நாணய மாற்றுவீதம் என்று ஒரு பாடத்துக்கு அசைன்மென்ற் செய்து நல்ல புள்ளி எடுத்தவள். 2021இல் ஒரு ரியால் 55 ரூபா போல. 700 ரியால் என்றால் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். 2022இல் ரூபா விழுந்தது. காஸுக்கும் டீசலுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற அதே மாதங்களில் ஒரு ரியால் நூறு ரூபாவைத் தொட்டது. அதே 700 எழுபதினாயிரமாக வந்தது. "சனமெல்லாம் கஷ்டப்படேக்க என்ர பிள்ளை கூட்டி அனுப்பினவள்" என்று அம்மா கோயிலில் சொன்னா. 2023இல் ரூபா கொஞ்சம் நிமிர்ந்தது. ஜூனில் ரியால் எண்பத்துச் சொச்சம். வீட்டுக்கு வந்தது ஐம்பத்தேழாயிரம் போல. அம்மாவுக்கு ரியால் தெரியாது, போனில் வங்கி அனுப்புகிற ரூபாக் கணக்குத்தான் தெரியும். பதின்மூவாயிரம் எங்கே போனது என்று அவ கேட்டது பிழையில்லை. பக்கத்தில் இருந்து "ஓமம்மா, குறைஞ்சுதான் போச்சு" என்று தலையாட்டினது நான்.

மற்றது, அந்த 700 அப்படியே நின்றதற்கும் ஒரு கதை. அத்தான் ஒரு கட்டுமானக் கொம்பனியில் ஸ்ரோர் பார்க்கிறவர். 2022 நவம்பர், டிசம்பரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து முடியும்வரை ஓவர்ரைம் மேல் ஓவர்ரைம். முடிந்ததும் அவருடைய கொம்பனியில் வேலை சுருங்கிவிட்டது. ஆட்களை நிற்பாட்டினார்கள். அவரை நிற்பாட்டவில்லை, ஓவர்ரைமை வெட்டினார்கள், சம்பளத்தையும் பிந்திப் பிந்திப் போட்டார்கள். பெப்ரவரியில் அக்கா பாசல் தொடங்கினா. முதலில் நாலு, பிறகு ஒன்பது, பிறகு பதினாறு. எழுநூறு எழுநூறாக நிற்பதற்காக இரண்டே முக்காலுக்கு எழும்பினா. அதே மாதங்களில்தான் நாங்கள் இங்கே காசு குறைகிறது என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி? அம்மா அழுவா. பேந்து ஆரிட்டயாவது சொல்லுவா. நெல்லியடிக்குப் போகும். இவருக்குத்தான் மரியாதையில்லை." கொப்பியை மூடினா. "நீயும் சொல்லாத. வில்லா வில்லாவாவே இருக்கட்டும்."

அக்காவில் எனக்குக் கோபமும் வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். நீ இப்படி மறைத்ததால்தானே நான் என்ன பாரமாக இருக்கிறேன் என்று தெரியாமல் இருந்தேன் என்ற கோபம். போன வருசம் "பழைய போன் ஹாங் ஆகுது" என்று நான் கேட்டதும் புதிசு வந்தது. எத்தனை பாசல் அது? கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு மேல். அதை அவவிடம் சொன்னபோது, "அப்ப பாசல் துவங்கேல்லை, அது ஓவர்ரைம் காசு" என்று சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்புகிற நாளுக்கு முதல் நாள் சூட்கேஸ் கட்டினோம். 30 கிலோ. குளியலறைத் தராசில் என்னை நிறுத்து, பிறகு சூட்கேஸோடு நிறுத்து, கழித்துப் பார்க்கிற முறை. பால்மா, ராங், கோடாலித் தைலம், சவர்க்காரம், சொக்லேற். ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டினா. பெரியம்மாவுக்கு, ரியூசன் ரீச்சருக்கு, பக்கத்து வீட்டுக்கு, மாமிக்கு. "இவ்வளவும் வேணுமோ அக்கா, பேசாம விடன்" என்றேன். "வெறுங்கையோட போனா என்ன நினைப்பினம்?" என்றா. ஆர் என்ன நினைப்பினம் என்ற அந்தக் கேள்விக்கு அவ எவ்வளவு செலவழித்திருக்கிறா என்று கொப்பியில் ஒரு பக்கமும் இல்லை. நான் ஒரே ஒரு சவர்க்காரக் கட்டைக் களவாக வெளியே எடுத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். பெரிய தியாகம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சூட்கேஸைத் திறக்க முதல் கேட்டா, "வில்லா பெருசோ?"

"பெருசு" என்றேன். வீடு பெரிதுதானே.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கல்குலேற்றரை எடுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து மாதம் மாதமாகக் காட்டினேன். ரியால் இவ்வளவு, ஒரு ரியால் இவ்வளவு ரூபா, பெருக்கினால் இவ்வளவு. பாசலைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது அம்மாவுக்கு விளங்கியது. நெடுநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப நாடு உருப்பட்டா எங்களுக்குக் காசு குறையுமோ?" என்று கேட்டா. அதற்கு வளாகத்தில் படித்த பதில் எதுவும் சரியாக வரவில்லை. "மாமிக்கு நானூறுதானோ?" என்பது அடுத்த கேள்வி. அதை எப்படி வாய்தவறிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முகத்தில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

அம்மாவுக்குப் பாசல் கதை இன்னும் தெரியாது. சொல்லவேண்டும் என்று ஒரு கிழமை நினைப்பேன், அக்காவுக்கு வாக்குக் கொடுத்தது என்று அடுத்த கிழமை நினைப்பேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் சம்பளம் வந்ததும் "இந்த மாதம் அம்மாவுக்கு 700 வேண்டாம், 500 காணும்" என்று அக்காவுக்கு எழுதினேன். பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. அந்த மாதமும் 700 வந்தது.

இப்போது நானும் வெள்ளன எழும்புகிறேன். காலை ஐந்தரைக்குப் போனை எடுத்தால் வட்ஸ்அப்பில் அக்காவின் பேருக்குக் கீழே 'ஒன்லைன்' என்று இருக்கும்.

"எத்தினை?" என்று கேட்பேன்.

"பதினெட்டு" என்று வரும்.

அடுத்த அறையில் இருந்து அம்மா கேட்பா, "அக்கா எழும்பீட்டாளோ?"

"ஓமம்மா."